கடல் நடுவே ஒரு குடம் நல்ல தண்ணீர்

கடல் சூழ்ந்த தமிழர் – 11
யாழ்ப்பாணத்துத் தீவகம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு வாசலில் போர்வெல் போடும் ரிக் வண்டி வந்து நின்றுவிட்டால் அன்றிரவு அந்தத் தெருவுக்குத் தூக்கமில்லை. வண்டி பெரும்பாலும் திருச்செங்கோட்டிலிருந்து வந்ததாக இருக்கும். பாறையைக் குடைகிற சத்தமும் வெள்ளைப் புழுதியும் விடியும்வரை ஓயாது. அறுநூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று குழாய் இறங்கிக்கொண்டே போகும். வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஈரப்புழுதி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கீழே கிடப்பது கருங்கல் பாறை. அதன் வெடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் நீரைத் தேடி இன்னும் கொஞ்சம் ஆழம் போனால் கிடைத்துவிடும் என்பதுதான் இந்த வட்டாரத்தின் நம்பிக்கை. இந்தியா முழுவதற்கும் போர்வெல் வண்டி அனுப்புகிற ஊராகத் திருச்செங்கோட்டை ஆக்கியதும் அந்த நம்பிக்கைதான்.

அதே வண்டியைத் தோணியில் ஏற்றி யாழ்ப்பாணத்துத் தீவுகளில் இறக்கினால் அது ஊரைக் கெடுத்துவிட்டுத்தான் திரும்பும்.

அங்கே நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் கல்லின் துளைகள் வழியாக இறங்கி, ஏற்கெனவே உள்ளே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட எடை குறைந்தது; அதனால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது இறங்கியிருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்கள் சொல்லும் கணக்கு. தலைகீழாகச் சொன்னால், மேலே ஓர் அடி நீரை இறைத்துவிட்டால் கீழே உப்புநீர் நாற்பது அடி ஏறி வரும். ஆகவே அங்கே ஆழம் ஆபத்து. ஆழமில்லாத கிணறு, கையால் துலாவை மிதித்து இறைக்கிற அளவான நீர், மழைக்காலம் வரும்வரை பொறுத்திருக்கிற மனம் ஆகிய மூன்றும்தான் தீவாரைக் காப்பாற்றி வந்தவை.

சென்ற இதழில் 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி கடலுக்குள் போன கதையைப் பார்த்தோம். அங்கிருந்து பாக்கு நீரிணையைத் தாண்டி வடகிழக்கே போனால் முதலில் தட்டுப்படும் பெரிய நிலம் நெடுந்தீவு. அதையடுத்து நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய பெரிய தீவு, காரைதீவு என்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு சங்கிலி. சப்த தீவு என்பார்கள். ஊரில் சொல்வது தீவகம். மண்டைதீவையும் வேறு சிறு திட்டுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஏழைத் தாண்டும். ஆனால் ஏழு என்ற கணக்கு நாக்கில் நின்றுவிட்டது.

இந்தத் தீவுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கோட்டைகளில் தொடங்குவார்கள். கோட்டை கட்டியவர்கள் வந்தார்கள், போனார்கள். தீவில் வாழ்ந்த மக்களுக்கு நாளும் பொழுதும் தீர்க்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: குடிக்க நல்ல தண்ணீர் எங்கே, கரை சேர்க்கிற துறை யார் கையில்? அவர்களுடைய கதையை இந்த இரண்டு கேள்விகளோடு சேர்த்துப் படித்தால்தான் அது விளங்கும்.

துறையிலிருந்து தொடங்கலாம்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிக்கச் செய்தது. பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரம் என்ற பேரேரியை அமைத்தவன் என்று இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் அதே மன்னன்தான். கல்வெட்டின் மொழி தமிழ். வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் படித்து விரிவாக எழுதினார். ஊராத்துறை என்று அதில் வருவது இன்றைய ஊர்காவற்றுறை. பல நாடுகளிலிருந்தும் வரும் பரதேசிகள் அந்தத் துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்பது மன்னன் ஆணை. அதற்கடுத்து வருவதுதான் கல்வெட்டின் உயிர்ப் பகுதி. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்துபோனால் சரக்கில் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு; மூன்று பங்கு கப்பலுக்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு.

இந்தக் கணக்கைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பழைய உலகத்தில் பல கடற்கரைகளில் உடைந்த கப்பல் என்றால் கரைக்கு உரியவனுக்கு அதிர்ஷ்டம், ஒதுங்கியதெல்லாம் அவனுடையது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதி பொறித்த சாசனம் அந்த வழக்கத்தை வெளிப்படையாகவே சொல்கிறது: முன்னிருந்த அரசர்கள் சேதப்பட்ட கப்பலின் சரக்கைப் பறித்துக்கொண்டார்கள், இனி உரிய தீர்வை மட்டுமே வாங்குவோம் என்று அவன் வாக்களித்தான். அது 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, ஆழம் குறைந்த, பாறை நிறைந்த இந்தத் தீவுக் கடலில் கப்பல் உடைவது எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்த ஓர் அரசு விதி எழுதிவைத்தது. யானைக்கும் குதிரைக்கும் ஏன் சலுகை? போருக்கு அவை வேண்டும். சலுகை கொடுக்காவிட்டால் வியாபாரி வேறு துறைக்குப் போய்விடுவான். விதியைத் தமிழில் பொறித்ததற்கும் காரணம் இருக்கத்தான் வேண்டும். துறையில் இறங்குகிறவர்களுக்கும் துறையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் புரிய வேண்டிய மொழி அதுவாக இருந்தது.

நயினாதீவை மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்று கருதும் மரபும் உண்டு. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற இடம் அது. பௌத்தர்களுக்கு அதே தீவு நாகதீபம். புத்தர் வந்து இரு நாக அரசர்களின் சண்டையைத் தீர்த்த இடமாக அதைப் போற்றுகிறார்கள். மணிபல்லவம் எது என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. ஆனாலும் பசிப்பிணி தீர்க்கும் பாத்திரத்தின் கதையை ஒரு வறண்ட தீவு தன்னுடையதாக வைத்துக்கொண்டிருப்பதில் பொருள் இருக்கிறது.

1619இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினார்கள். கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஊர்காவற்றுறை அவர்கள் வாயில் யானைத் துறை ஆயிற்று. போர்த்துக்கீச மொழியில் துறைமேடைக்கு ‘கைஸ்’ என்று பேர். அது திரிந்து ‘கயிற்ஸ்’ ஆகி, இன்றைக்கும் ஆங்கில வரைபடங்களில் நிற்கிறது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளைக் கழி ஆழமில்லாத இடத்தில் நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனையிறவு என்ற ஊர்ப்பேர் அந்த வழியின் நினைவு. அங்கிருந்து துறைக்கு வந்து கப்பலேறிய யானைகள் கோல்கொண்டா வரை, வங்கம் வரை போயின. பின்னால் வந்த டச்சுக்காரர்களும் அதே வியாபாரத்தை ஆண்டுதோறும் யானை ஏலம் நடத்திப் பெருக்கினார்கள்.

டச்சுக்காரர்கள் வந்த கதையில்தான் தண்ணீர் மறுபடி தலைகாட்டுகிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடல் நடுவில் ஒரு சிறு திட்டில் போர்த்துக்கீசர் கோட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஊரார் அதைக் கடற்கோட்டை என்கிறார்கள். 1658 மார்ச்சில் ரைக்லோஃப் வான் குன்ஸ் தலைமையிலான டச்சுப் படை அதை முற்றுகையிட்டது. நாலாபுறமும் கடல், சுவரோ உறுதியானது, உள்ளே பீரங்கியும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். ஆனால் திட்டில் கிணறு தோண்ட வழியில்லை. சேமித்து வைத்திருந்த குடிநீர்த் தொட்டி தாக்குதலில் உடைந்தது. இரண்டு வாரத்துக்குமேல் தாக்குப்பிடிக்க முடியாமல் தாகத்தால் கோட்டை பணிந்தது. அந்த ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. கடற்கோட்டையை வென்றவர்கள் அதற்குப் பன்றித்தொடையின் குதிகால் என்ற பொருளில் ஹம்மன்ஹீல் என்று பேர் வைத்தார்கள். வரைபடத்தில் இலங்கை முழுவதும் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போலத் தெரிந்ததாம். அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. பின்னாளில் சிறையாகவும் இருந்தது, 1971இல் இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கமான ஜே.வி.பி.யின் தலைவர் ரோகண விஜேவீரவை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள்.

டச்சுக்காரர்கள் கோட்டையோடு நிறுத்தவில்லை. தீவு தீவாகப் பேர் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, புங்குடுதீவு மிடில்பர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட், அனலைதீவு ராட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன், வேலணைப் பெருந்தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம். இந்தப் பேர்களைச் சொந்த ஊர் நினைவில் சூட்டிய பேர்கள் என்று மட்டும் கடந்துவிடக் கூடாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைச் சபைகள் இருந்தன. அவற்றில் ஐந்தின் ஊர்கள் ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன். முதலாளிகளின் பேரைத் தீவுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது போலத்தான் இது. அவற்றில் டெல்ஃப்ட் ஒன்றுதான் நன்றாக நிலைத்தது. அரசாங்கக் காகிதத்திலும் சுற்றுலா விளம்பரத்திலும் அது இருக்கிறது. படகேறப் போகிறவரைக் கேட்டால் “நெடுந்தீவுக்கு” என்றுதான் சொல்வார். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், லீ பஜார் என்ற பேர்களோடு வாழ்கிறவர்களுக்கு, ஒரு பேர் எப்படி ஒட்டிக்கொள்கிறது, எது உதிர்ந்து போகிறது என்பது அந்நிய விஷயமல்ல. இங்கே ஆங்கிலப் பேர் ஊர்ப்பேராகவே பழகிவிட்டது. அங்கே ஐரோப்பியப் பேர் காகிதத்தோடு நின்றுவிட்டது.

நெடுந்தீவைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர், தட்டையான நிலம், மரம் என்றால் பெரும்பாலும் பனை. வேலிகள் முருகைக்கல்லால் ஆனவை. கடலடியில் உயிர்ப்பிராணிகள் கட்டிய பவளக்கல்லைத்தான் அங்கே முருகைக்கல் என்கிறார்கள். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய அந்த வேலிகள் காற்றுக்கும் ஆட்டுமாட்டுக்கும் மறைப்பு; வீதி முழுக்க இருபுறமும் சாம்பல் நிறத்தில் ஓடும். மேற்கு ஓரத்தில் வெடியரசன் கோட்டை என்று மக்கள் சொல்லும் இடத்தில் முருகைக்கல்லால் கட்டிய பழைய பௌத்த தூபிகளின் எச்சங்கள் இருக்கின்றன. கண்ணகி கதையோடு சேர்த்து வெடியரசன் என்ற முக்குவ அரசனை நினைவில் வைத்திருக்கிறது ஊர். ஆப்பிரிக்காவுக்குரிய பெருக்க மரம் ஒன்றும் அங்கே நிற்கிறது. உள்ளே ஆள் போய் நிற்கலாம். அரபு வணிகர் கொண்டுவந்த மரம் என்று சொல்வார்கள்.

இன்னொரு வரத்து குதிரை. போர்த்துக்கீசர் காலத்திலும் டச்சுக்காரர் காலத்திலும் நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி அந்தப் பண்ணையை நடத்தினார். அவர் பேரைச் சொல்லி இன்றும் தீவில் கதைகள் உண்டு. பண்ணை மூடப்பட்டது. குதிரைகள் தங்கிவிட்டன. பல தலைமுறையாகக் கட்டுப்பாடின்றித் திரிகிற மட்டக்குதிரைக் கூட்டங்களைத் தீவின் தெற்கு வெளியில் இன்றும் பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் குட்டைகள் வற்றி, குதிரைகள் தண்ணீரின்றிச் சாகின்றன. அந்நிய ஆட்சிகள் தங்கள் தேவைக்காக வளர்த்து விட்டுப்போன உயிர்களுக்கு இன்று தண்ணீர் வைக்கிற வேலை தீவு மக்களுடையது.

மனிதருக்குத் தண்ணீர்? தெற்கே சாராப்பிட்டி என்ற இடத்துக் கிணறுகள்தான் நெடுந்தீவின் தாய்மடி. தீவின் பெரும்பகுதிக் கிணறுகளில் வருவது சவர். துணி துவைக்கலாம், குடிக்க முடியாது. சாராப்பிட்டி நீர் குடிக்கலாம். அங்கிருந்து குடத்திலும் வண்டியிலும் பின்னால் பவுசர் எனப்படும் தண்ணீர் லாரியிலும் நீர் போயிற்று. பெண்களின் நாளில் எத்தனை நாழிகை அந்த நடையில் கழிந்தது என்பதை எந்தப் பதிவேடும் எழுதிவைக்கவில்லை. நெடுந்தீவுக்குத் தென்மேற்கே உள்ள கச்சத்தீவின் நிலையும் இதே காரணத்தால்தான் தீர்மானமானது. 285 ஏக்கர், குடிநீர் இல்லை, ஆகவே குடி இல்லை. அதைப் பற்றிய 1974, 1976 இந்திய–இலங்கை உடன்பாடுகளைப் பற்றித் தமிழ்நாட்டில் எவ்வளவோ பேசியாயிற்று. அங்கே நடக்கும் அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் போகிறவர்கள் தண்ணீரையும் உடன் எடுத்துப் போகிறார்கள் என்ற எளிய உண்மை அந்தப் பேச்சுகளில் வருவதில்லை.

நல்ல தண்ணீர் குறைவான இடத்தில், அது யாருக்கு என்ற கேள்வி சாதியின் கையில் போய்ச் சேர்வது தமிழ் நிலத்தின் பழைய நோய். புங்குடுதீவு அதற்கு விலக்காக இருக்கவில்லை. அந்தத் தீவில் 1935இல் பிறந்தவர் மு. தளையசிங்கம். ஆசிரியர், கதாசிரியர், ஈழத் தமிழ் இலக்கியத்தில் தனித்த சிந்தனையாளர். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’, ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ ஆகியவற்றை எழுதியவர். எழுத்தோடு அவர் நிற்கவில்லை. புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிலை அடுத்த நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீர் அள்ள உரிமை கேட்டு 1971இல் அறப்போரில் இறங்கினார். போலீசாரால் தாக்கப்பட்டார், சிறைப்பட்டார். அந்த அடியிலிருந்து அவர் உடம்பு மீளவில்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1973இல், நாற்பது வயதுகூட நிறையாமல், இறந்துபோனார்.

ஒரு கிணற்றுக்காக ஓர் எழுத்தாளர் உயிரைத் தேய்த்த கதை சேலத்துக்காரருக்கு அந்நியமாக இருக்க நியாயமில்லை. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகர்மன்றத் தலைவராகவும் இருந்த இராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது, கதரோடும் மதுவிலக்கோடும் சேர்த்துத் தீண்டாமை ஒழிப்பையும் கையில் எடுத்தார். ஆசிரமத்தில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக இருப்பதை ஊர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. புதுப்பாளையத்துக்கும் புங்குடுதீவுக்கும் இடையே அரை நூற்றாண்டு. இரு ஊர்ப் பெரிய மனிதர்களின் எதிர்ப்பும் ஒரே மாதிரி. தளையசிங்கத்தின் பேரைத் தமிழ்நாட்டில் இலக்கிய வாசகர்கள் சிலர் அறிவார்கள். இந்தக் கிணற்றுக்காக அவரை இன்னும் பலர் அறிய வேண்டும்.

நீர் குறைவு, வயல் குறைவு என்றால் ஆண்கள் வெளியே போவார்கள். தீவார் போனார்கள். ஆங்கிலேயர் காலத்திலேயே கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு நகரங்களிலும் புங்குடுதீவாரும் காரைதீவாரும் நெடுந்தீவாரும் கடை வைத்தார்கள். பலசரக்கு, சாப்பாட்டுக்கடை, சுருட்டுக்கடை. சிறுவனாகப் போய்க் கடையிலேயே படுத்து, வேலை பழகி, பிறகு தனிக்கடை போட்டு, தம்பியையும் மருமகனையும் வரவழைப்பது வழக்கம். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வடநாட்டுக்கு லாரித் தொழிலிலும் வட்டித் தொழிலிலும் போனவர்களின் முறையும் இதுதான். சம்பாத்தியம் ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் கல்வீட்டுக்கும் திரும்பி வந்தது. 1958, 1977, 1983 கலவரங்களில் எரிந்த கடைகளில் தீவாரின் கடைகள் நிறைய.

படிப்பும் ஒரு வழியாக இருந்தது. ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு அவருடைய உழைப்பு. 1968இல் சென்னையில் அண்ணா நடத்திய இரண்டாம் மாநாட்டைத் தமிழ்நாடு கொண்டாடிய அளவுக்கு, அந்த வரிசையைத் தொடங்கிவைத்த தீவுக்காரரைக் கொண்டாடியதில்லை.

பாலங்கள் பிறகு வந்தன. கடலுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட சாலையைத் தாம்போதி என்கிறார்கள். காரைதீவு தாம்போதியால் குடாநாட்டோடு சேர்ந்தது. 1920களில் பேரும் காரைநகர் ஆயிற்று. பண்ணை என்ற இடத்தின் வழியாக யாழ்ப்பாண நகரம் வேலணையோடு இணைந்தது. வேலணையையும் புங்குடுதீவையும் சேர்ப்பது வாணர் தாம்போதி. அதற்காகப் பாடுபட்ட வாணர் சகோதரர்களின் நினைவாக வந்த பேர். புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறையோடு சாலை முடிகிறது. அதற்கப்பால் படகுதான். நயினாதீவு எட்டிப் பார்க்கும் தூரம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் வயிற்றைப் புரட்டிவிடும்.

அந்தப் பாதையில் ஓடிய படகு குமுதினி. மரத்தால் ஆன பயணிகள் படகு. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோருக்கும் அது ஒன்றுதான் வழி. 1985 மே 15 காலையில் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் ஆயுதக்காரர்கள் மறித்து ஏறினார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பேரை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். அரசு மறுத்தது. ஆம்னெஸ்டி அமைப்பு இந்தப் படுகொலையைப் பதிவு செய்தது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. நெடுந்தீவில் ஆண்டுதோறும் மே 15 அன்று நினைவுகூர்கிறார்கள். குமுதினியைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். அந்தப் படகை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

1990 ஆகஸ்டில், விடுதலைப் புலிகளின் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையை உடைக்க இலங்கைப் படை தீவுகளில் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. அடுத்தடுத்து வேலணையும் புங்குடுதீவும் காலியாயின. மக்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்கும், முடிந்தவர்கள் கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்துக்கும் போனார்கள். புங்குடுதீவில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம், ஆளில்லாமல் காற்று மட்டும் உலவும் அந்த ஊரைக் கண்டு எழுதிய கவிதைகளுக்குக் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று பேர் வைத்தார். அந்தப் பேரே போதும்.

ஆளில்லாத ஊரில் கிணறு என்ன ஆகும்? தூர் வாராத கிணற்றில் இலையும் மண்ணும் சேரும். சுவர் சரியும். மழைநீர் இறங்க ஊர் கூடிப் பராமரித்த குளங்களும் கேணிகளும் தூர்ந்து போகும். திரும்பி வந்தவர்கள் வீட்டுக்கு முன்னால் கிணற்றைத்தான் முதலில் பார்த்தார்கள். பல இடங்களில் நல்ல தண்ணீராக இருந்தது சவராக மாறியிருந்தது. இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தீவுகளுக்கு வந்திருக்கின்றன. பவுசர் வண்டிகள் ஓடுகின்றன. நெடுந்தீவில் இப்போது வாழ்வது ஏறத்தாழ 4,000 பேர். மீன் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவைமடி பெரும் இடி. வலையையும் அறுத்துக் கடலடியையும் வழித்துக்கொண்டு போகிறது அது. தமிழர் உறவு பேசுகிற நாம் அந்தக் குறையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

வெளியார் கண் தீவுகளை விட்டு இன்னும் அகலவில்லை. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்று, சூரிய மின்திட்டத்தைச் சீன நிறுவனம் ஒன்றுக்கு இலங்கை அரசு கொடுத்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனா திட்டத்தை நிறுத்தியது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா ஏறத்தாழ 1.1 கோடி டாலர் மானியத்தில் செய்து தர ஒப்பந்தம் ஆனது. 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வேலை கொடுக்கப்பட்டது. தில்லிக்கும் பெய்ஜிங்குக்கும் அது ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் யார் நிற்பது என்ற கேள்வி. தீவாருக்கு அது டீசல் ஜெனரேட்டரை நம்பாமல் நாள் முழுக்க விளக்கு எரியுமா, நீராலை ஓடுமா என்ற கேள்வி.

இனி ஒரு வேண்டுகோள். சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம் பக்கத்திலும் நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கோ வேறெங்கோ தீவகத்தைச் சேர்ந்த முதியவர்கள் எவரேனும் இந்தத் தொடரைப் படிக்க நேர்ந்தால், உங்கள் ஊர்க் கிணறுகளின் பேரை எழுதி அனுப்புங்கள். எந்தக் கிணறு குடிக்க, எது குளிக்க, எது மாட்டுக்கு, எதில் யாரை அள்ள விடவில்லை, கோடையில் எது கடைசியாக வற்றும் என்பதையும் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழில் காரைநகர்.